கொல்கத்தா கோப்புக்குள்ள நம்ம மெட்ராஸ்

போன வாரம் பழைய லேப்டாப்புல லினக்ஸ் போட்டேன். டைம்ஸோன் கேட்கிற இடம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. பட்டியல்ல சென்னையைத் தேடினா, காணோம். டெல்லி, மும்பையும் கிடையாது. மொத்த இந்தியாவுக்கும் ஒரே ஆளு, ஏசியா/கொல்கத்தா.

அந்தக் கோப்புக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு 'ஸீடம்ப்' கட்டளை கொடுத்துப் பார்த்தேன். 1870-லேர்ந்து 1905 முடிய எம்.எம்.டி.ன்னு ஒரு நேரம். அட, மெட்ராஸ் மீன் டைம்! கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் 10 விநாடி முன்னால.

நுங்கம்பாக்கத்துல 1792-லேயே கம்பெனிக்காரங்க வானாய்வுக் கூடம் கட்டிட்டாங்க. மெட்ராஸ் நேரம், பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் இடைப்பட்டது. அதனால ரயில்வேக்கும் தந்திக்கும் அதுவே பொது நேரமாச்சு. 1906 ஜனவரி 1-ல 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வெச்சு இந்திய நேரம் வந்தது. வித்தியாசம் 8 நிமிஷம் 50 விநாடி. காமெடி என்னன்னா, கல்கத்தாக்காரங்க 1948 வரைக்கும் தங்களோட சொந்த நேரத்தை விடவே இல்லை. ஆனா கோப்புல இருக்கிறது அவங்க ஊர் பேரு :-)

அடுத்த வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரைக்கும் +6:30. உலகப்போர் சமயத்துல நாடு முழுக்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சிருக்காங்க.

என் பாட்டி பிறந்தது 1944-ல. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க ஜாதகத்தை கம்ப்யூட்டர்ல போட்டேன். கொள்ளுத்தாத்தா குறிச்சு வெச்ச நேரத்தோட, +5:30-ஐ கையால கொடுத்தேன். பழைய நோட்டுல இருந்த லக்னம் வரலை. "அந்தக் காலத்து ஜோசியருக்குக் கணக்கு வரலை பாட்டி"ன்னு பெரிய மேதாவி மாதிரி சொல்லிட்டேன். "அப்போ இத்தனை வருஷமும் தப்பான ஜாதகத்தையாடா வெச்சிருந்தேன்?"னு பாவம், ரொம்ப நாள் அதையே சொல்லிட்டிருந்தாங்க.

இப்போ மறுபடியும் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஓரத்துல பென்சில்ல பொடி எழுத்து: "1 மணி கழித்தது". கம்ப்யூட்டர்லயும் ஒரு மணி கழிச்சுப் போட்டேன். அதே லக்னம்!

உடனே போன் பண்ணி, "தப்பு ஜோசியர் மேல இல்லை பாட்டி, என் மேலதான்"னேன்.

"அதானே பார்த்தேன்"னாங்க.

மக்களே, உங்க வீட்லயும் அந்த மூணு வருஷத்துல பிறந்தவங்க இருந்தா, +5:30-ன்னு கையால போடாதீங்க. கொல்கத்தாவையே தேர்ந்தெடுங்க. உள்ளே இருக்கிறது நம்ம கதையும்தான்.