கறுப்பு வெள்ளைப் போர் – 14: கடைசி இடத்துக்காரர்

பொபி ஃபிஷர் ஸ்டொக்ஹோமில் சோவியத் கோட்டையை உடைத்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். 22 ஆட்டங்கள், 17½ புள்ளி, ஒரு தோல்வியும் இல்லை. ஆனால் 1962இன் அந்த இண்டர்சோனல் பட்டியலில் ஆகக் கீழே, 23ஆவது இடத்தில், 4 புள்ளியோடு நிற்கிறார் மேனுவல் ஆரோன். அவரை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனமில்லை.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர், பிறந்தது 1935இல், பர்மாவின் டவுங்கூ நகரில். நம் முன்னோர் கண்டிச்சீமைக்கு வந்து ஹற்றனிலும் பட்டிப்பொலையிலும் மலையேறிய காலத்தில் இன்னொரு கூட்டம் ரங்கூனுக்குக் கப்பலேறியது. அந்த வகையில் அவர் நமக்கு அந்நியர் அல்ல.

அன்றைய இந்தியாவில் பலர் ஆடியது வேறு சதுரங்கம். சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரைப் பாய்ச்சல் பாயலாம். சர்வதேச விதிகளுக்கு ஆட்களைத் திருப்பியதில் ஆரோனுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை 3-0 என்று வென்றுதான் சுவீடனுக்குத் தகுதி பெற்றார். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் பட்டமும் 1961இல் அவருக்கே.

எலோ தரப்புள்ளியை உலக சம்மேளனம் ஏற்க இன்னும் எட்டு வருடம் இருந்தது. இருந்தாலும் பெட்ரோசியன், கெல்லர், கோர்ச்நோய் கூடிய மண்டபத்தில் யார் பலவான் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தடுத்துத் தோற்ற அதே மனிதர் ஹங்கேரியின் லாயோஸ் போர்ட்டிஷைச் சாய்த்தார். கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஊல்மனையும் சாய்த்தார். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள்.

கணக்கைப் பாருங்கள். இண்டர்சோனலிலிருந்து, உலகப் பட்டத்துக்கான அடுத்த கட்டத் தகுதிப் போட்டி நடக்கும் குராசாவோவுக்குப் போவது ஆறு பேர். ஆறாவது இடத்துக்கு ஸ்டெயின், பென்கோ, கிளிகோரிச் மூவரும் 13½ புள்ளியில் முட்டிக்கொண்டார்கள். போர்ட்டிஷும் ஊல்மனும் 12½. ஆரோனை வென்றிருந்தால் அவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள். இரண்டு கிராண்ட்மாஸ்டர்களின் உலகப் பட்டக் கனவை அந்த வருடத்துக்கு மூடியதில் கடைசி இடத்துக்காரரின் கை இருந்தது. 'கடைசி' என்ற ஒற்றைச் சொல்லோடு அவரைக் கடந்துபோவது அநியாயம்.

1959க்கும் 1981க்கும் இடையில் ஒன்பது தடவை தேசியச் சம்பியன். 1972இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் அவர் முன்நின்று தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகினான்.

ஃபிஷரும் குராசாவோவும் அடுத்த வாரம்.