தலைக்காய நோயாளர் செவிலியம் (தமிழ்நாடு)

மூளையில் கடுங்காயமோ நோயோ ஏற்பட்டு நினைவிழந்தவரைக் கண்காணித்துப் பேணும் பணி நரம்பியல் செவிலியம் எனப்படும். தமிழ்நாட்டில் இதன் வரலாறு வேலூரில் தொடங்குகிறது. கனடாவின் மாண்ட்ரியலில் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி, 1949 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பா. இராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் இச்சிகிச்சையைத் தொடங்கினார். நூல்கள் இவ்விருவரையும் விரிவாகப் பேசுகின்றன; அறுவைக்குப் பின் இரவு முழுதும் விழித்திருந்த செவிலியரைப் பற்றி அதிகம் காணோம்.

அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது. மண்டையோட்டுக்குள் குருதி கசிந்து அழுத்தம் கூடுவதை முதலில் காட்டிக்கொடுத்தது செவிலியரின் கைவிளக்குதான். ஒளி பட்டும் ஒரு கண்ணின் பாவை சுருங்காமல் விரிந்தே நின்றால் மருத்துவரை உடனே எழுப்ப வேண்டும். நாடி மந்தமாகி இரத்த அழுத்தம் ஏறுவதும் அபாய அறிகுறியே. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரால் விழுங்கவோ இருமவோ முடியாது. சொந்த உமிழ்நீரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆகவே ஒருக்களித்துப் படுக்கவைத்து, சளியை உறிஞ்சி எடுத்து, மூக்குக் குழாய் வழியே உணவு கொடுத்து, 2 மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். புரட்டத் தவறினால் படுக்கைப்புண் வரும். அறுவையில் பிழைத்தவரைப் புண்ணின் சீழ் கொண்டுபோய்விடக்கூடும்.

'அரை மயக்கம்' என்றால் ஆளுக்கொரு பொருள் கொண்ட நிலையை, 1974 இல் டீஸ்டேல், ஜென்னெட் ஆகியோர் வெளியிட்ட கிளாஸ்கோ அளவுகோல் மாற்றியது. கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண்.

திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் இதில் ஒரு சிக்கல் உண்டு. அங்குள்ள தொழிலாளர் பலரின் தாய்மொழி தெலுங்கு, இந்தி, ஒடியா. பெயரையும் கிழமையையும் தமிழில் கேட்டால் விழிப்போடு இருப்பவரும் விழிப்பார். பேச்சு மதிப்பெண் வீணே குறையும். அவர் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு கேட்ட பிறகே மதிப்பெண் இடுவது முறை.

2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு எம்மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. நினைவு திரும்பவோ மாதக்கணக்காகலாம். வீடு செல்லுமுன் குழாய்வழி உணவூட்டலையும் புரட்டலையும் உடனிருப்பவருக்குச் செவிலியரே கற்றுத்தருகின்றனர். குடும்பம் ஒடிசாவிலோ பீகாரிலோ இருந்தால், ஷிப்ட் முடிந்து வரும் அறைத்தோழர்தாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.