நிலவு வண்டிக்கு வழி கண்ட மாணவர்கள்

செலண்டார் வட்டாரத்தில், பௌர்ணமி இரவில் செம்பனை மரங்களுக்கு மேலே நிலா எழுவதை நாம் பார்த்து மகிழ்கிறோம். அது ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே ஆளில்லாத வண்டியொன்றை இங்கிருந்தபடியே ஓட்ட முடியுமா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தனர். அவர்கள் வரலாற்றை இன்று காண்போம்.

1960-61ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆடம்ஸ் என்ற மாணவர் ஒரு வண்டி செய்தார். அதில் நான்கு சிறிய சைக்கிள் சக்கரங்களும் மின்மோட்டாரும் ஒரு தொலைக்காட்சிக் கேமராவும் இருந்தன. கேமரா காட்டும் படத்தைப் பார்த்து, தொலைவிலிருந்து அதை ஓட்ட வேண்டும்.

வானொலி அலை நிலவுக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ இரண்டரை விநாடி ஆகும். அந்தத் தாமதத்தை ஆடம்ஸ் வேண்டுமென்றே ஏற்படுத்திச் சோதித்தார். பள்ளத்தைக் கண்டு இரண்டரை விநாடி கழித்தே பிரேக் பிடிக்கும் மோட்டார் சைக்கிளில் நாம் ஏறுவோமா? அவருடைய வண்டியையும் மணிக்கு ஏறத்தாழ 300 மீட்டருக்கு மேல் நம்பி ஓட்ட இயலவில்லை. 1970 நவம்பரில் நிலவில் இறங்கிய சோவியத் நாட்டின் லூனகோட் வண்டியையும் பூமியிலிருந்த குழுவினர் மெதுவாகத்தான் ஓட்டினர்.

அப்படியானால், வண்டி தானே வழி பார்க்கக் கற்க வேண்டும் அல்லவா? அதே பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக் என்ற ஆராய்ச்சி மாணவர் அதற்கு முயன்றார். கேமராப் படங்களைக் கணினி ஆராய்ந்து தடைகளை அறியும்படி செய்தார். 1979இல் அவ்வண்டி, நாற்காலிகள் நிறைந்த அறையை யார் உதவியுமின்றிக் கடந்தது. அதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று! நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், குழந்தையின் முதல் நடையும் அப்படித்தானே?

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் இந்தியாவின் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் வண்டி அங்கே 100 மீட்டருக்கு மேல் ஊர்ந்தது. அது அனுப்பிய படங்களைக் கொண்டு அறிவியலார் பாதை வகுத்தனர். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா பயின்று, பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர்.

தொழிற்கல்விக்குச் செல்லும் பிள்ளையை, படிப்பு வராதவன் என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். பழைய சைக்கிளைக் கழற்றிப் பூட்டினால் அதட்டுகிறோம். இனி அதட்டுமுன், என்ன செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்போம்.