காயில் பதுங்கி, கனியில் தாக்கும் பூஞ்சை: பழங்களின் தற்காப்பு தகர்வது எப்படி?

திருவனந்தபுரம்: ஸ்ரீவராகம் பகுதிக் கடைகளில் தொங்கும் வாழைத்தார்களில், பழம் கனிந்த ஓரிரு நாள்களில் கரும்புள்ளிகள் தோன்றிக் குழிவிழுவது வழக்கமான காட்சி. வாங்குபவர் கடைக்காரரைக் குறை கூறுவார். கடைக்காரரோ சாலைச் சந்தையின் மொத்த வியாபாரியைக் கைகாட்டுவார். உண்மையில் நோய் பெரும்பாலும் தோட்டத்திலேயே, காய் பச்சையாக இருந்தபோதே தொற்றிவிடுகிறது.

ஆந்த்ராக்னோஸ் எனப்படும் இந்த அழுகல் நோய்க்குக் காரணம் கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சைப் பேரினம். வாழையையும் மாம்பழத்தையும் இதன் வெவ்வேறு இனங்கள் தாக்குகின்றன. மழைத்துளியுடன் தெறித்துவரும் வித்துகள் காயின்மீது முளைத்து, நுண்ணிய ஒட்டுறுப்பு ஒன்றால் தோலைப் பற்றிக்கொள்கின்றன. தோலின் வெளிப்படலம் நீர் புகாத கியூட்டின் என்ற பொருளால் ஆனது. அதைச் சிதைக்கும் கியூட்டினேஸ் நொதியைப் பூஞ்சைகள் சுரப்பதை 1970-களில் விரிவாக ஆராய்ந்தவர், கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் பி.இ. கோலாட்டுகுடி.

ஆனால், பச்சைக் காயில் பூஞ்சையால் உடனே பரவ முடிவதில்லை. மாங்காய்த் தோலில் உள்ள ரிசார்சினால் சேர்மங்கள் அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றன. காம்பில் வடியும் பாலில் உள்ள கைட்டினேஸ் நொதி பூஞ்சையின் செல்சுவரையே அரிக்கக்கூடியது. எனவே பூஞ்சை வாரக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது.

பழுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. காப்புச் சேர்மங்கள் குறைகின்றன, சர்க்கரை கூடுகிறது, செல்களைப் பிணைக்கும் பெக்டின் தளர்கிறது. விழித்தெழும் பூஞ்சை அம்மோனியாவைச் சுரந்து தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தன்மையைக் குறைக்கிறது. பெக்டினைக் கரைக்கும் பெக்டேட் லயேஸ் நொதி அமிலம் குறைந்த சூழலில்தான் நன்கு செயல்படும். ஆப்பிளை அழுகச் செய்யும் பெனிசிலியம் பூஞ்சையின் உத்தி இதற்கு நேர்மாறானது. அது அமிலத்தைச் சுரந்து, அமிலச் சூழலுக்கு ஏற்ற வேறு நொதிகளை ஏவுகிறது.

பழுக்கும் நேரத்தைப் பூஞ்சை எவ்வாறு அறிகிறது? மோஷே பிளாய்ஷ்மனும் கோலாட்டுகுடியும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. கனிகள் வெளிவிடும் எத்திலீன் வாயுவே வித்துகளை முளைக்கவும் ஒட்டுறுப்புகளை உருவாக்கவும் தூண்டுகிறது. எத்திலீனை உற்பத்தி செய்ய இயலாதவாறு மரபணு மாற்றப்பட்ட தக்காளியில் ஒட்டுறுப்புகள் உருவாகவில்லை. எத்திலீனை வெளியிலிருந்து அளித்ததும் உருவாயின. காயைக் கனியாக்கும் வாயுவே எதிரிக்கும் தகவல் சொல்லிவிடுகிறது என்பது விந்தைதான்.

இதனால், புள்ளி தெரிந்த பிறகு சந்தையில் செய்யக்கூடியது மிகக் குறைவு. குளிரூட்டல் அழுகலைத் தாமதப்படுத்துமே தவிரப் பூஞ்சையை ஒழிக்காது. தோட்டத்தில் காய்ந்த இலைகளையும் குச்சிகளையும் அகற்றுவதும், பூக்கும் பருவம் முதல் நோயைக் கட்டுப்படுத்துவதுமே முதன்மையான காப்பு. மாங்காய்களை அறுவடைக்குப் பின் சுமார் 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சில நிமிடங்கள் அமிழ்த்தி எடுக்கும் முறையும் பயன் தருகிறது. வெப்பம் இதைவிடக் கூடினாலோ, நேரம் நீண்டாலோ காயின் தோல் வெந்துவிடும்.