கப்பின் வரலாறும் குப்பை பிரிக்கும் கைகளும்

1937இல் அமெரிக்க நடிகை லியோனா சால்மர்ஸ் ரப்பர் மாதவிடாய்க் கப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின் ரப்பர் தட்டுப்பாட்டில் உற்பத்தி நின்றது. சந்தையோ தூக்கி எறியும் நாப்கின்களின் கைக்குப் போனது. நம் ஊர்களில் அந்த நாப்கின்களை வெறுங்கையால் பிரிப்பவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். சுற்றித்தான் போட வேண்டும் என்றன 2016 திடக்கழிவு விதிகள். எத்தனை வீடுகள் கேட்கின்றன?

2019இல் ஆலப்புழா நகராட்சி 5,000 கப்புகளை இலவசமாகத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. சிலிக்கான் கப்பை 12 மணி நேரத்துக்குள் எடுத்துக் கழுவி, மாதந்தோறும் கொதிநீரில் போட்டெடுத்தால் சுமார் 10 ஆண்டுகள் உழைக்கும். அதற்குத் தண்ணீரும் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் வேண்டும். சேரிக்கு அவற்றை மறுத்துவிட்டுக் கப்பை மட்டும் நீட்டுவதை நாங்கள் ஏற்க மாட்டோம்.