கர்சர் நின்ற இடம்: எடிட்டருக்குள் ஃபார்மேட்டர் நுழைந்த வரலாறு

நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அது டேபா ஸ்பேஸா என்ற சண்டையில்தான் போய் நிற்கும். இக்கட்டுரை அதற்குள் போகவில்லை. ஃபார்மேட்டரை எடிட்டரோடு இணைப்பதில் நெடுங்காலம் தீராதிருந்த சிக்கல் நிரலின் தோற்றம் அல்ல, ஒழுங்குபடுத்தி முடித்தபின் கர்சர் எங்கே நிற்கும் என்பதே என்று வாதிடுகிறது.

நிரலை அழகாக அச்சிடும் முயற்சிகளில் முன்னோடியானவை லிஸ்ப் மொழியைச் சேர்ந்தவை. 1960களில் எம்ஐடியில் பில் காஸ்பர் எழுதிய கிரைண்ட்டெஃப் அவற்றுள் ஒன்று. 1980இல் டெரக் ஓப்பன், வரியின் அகலத்துக்குள் அடங்குமாறு எங்கே முறிப்பது என்பதற்கு வேகமான வழிமுறை ஒன்றை வெளியிட்டார். அதில் கர்சருக்கு வேலையே இல்லை.

1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு இன்டென்ட் என்ற கருவி வந்தது. விஐ எடிட்டரில் ஆச்சரியக்குறிக் கட்டளையால் கோப்பு முழுவதையும் அதற்குள் செலுத்தி, வெளிவருவதைப் பழைய உரையின் இடத்தில் வைத்துவிடலாம். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் முரடானது. வரி மாறினாலும் மாறாவிட்டாலும் மொத்த உரையும் அழிந்து மறுபடி எழுதப்படும். நானூறாவது வரியில் இருந்தவர் கண்விழிப்பது முதல் வரியில். ஃபார்மேட்டர் தடுமாறினால் நிரல் இருந்த இடத்தில் பிழைச்செய்தி உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட கருவியை எவரும் நாளுக்கு நூறுமுறை இயக்கத் துணிய மாட்டார்கள்.

2009இல் கோ மொழியோடு ராபர்ட் கிரீஸ்மர் உருவாக்கிய கோஃபெம்ட் வெளியானதும் நிலைமை மாறியது. நடையைத் தேர்ந்தெடுக்க அதில் விருப்பத்தேர்வுகள் இல்லை. கேள்வி கேட்காத கருவியை ஒவ்வொரு சேமிப்பின்போதும் ஓடவிடலாம் அல்லவா? ஓடவிட்டபோது கர்சர் துள்ளுவது தாங்கமுடியாததாயிற்று. இதற்கு ஈமாக்ஸ் எடிட்டரின் கோ மொழிக்கான நிரல்பகுதி கண்ட தீர்வு என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக அழகான திருப்பம். பெல் ஆய்வகத்தில் 1970களில் பிறந்த டிஃப் கருவியை அது துணைக்கழைத்தது. பழைய உரையையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் தொட்டது. தொடாத வரியில் நிற்கும் கர்சர் அங்கேயே நின்றது.

2013இல் வந்த கிளாங்ஃபார்மட் இன்னொரு வழியில் போனது: கர்சரின் இடத்தைத் தானே கேட்டு வாங்கி, புதிய இடத்தைத் திருப்பிச் சொன்னது. எடிட்டரும் மொழிக்கருவிகளான சேவையகங்களும் பேசிக்கொள்வதற்காக 2016இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறை, ஃபார்மேட்டரின் விடை முழு உரையாக அன்றித் திருத்தங்களின் பட்டியலாக இருக்கவேண்டும் என்று வகுத்தது. ஆனாலும் கோப்பு முழுவதையும் ஒரே திருத்தமாக அனுப்பும் சேவையகங்கள் இருந்தன. ஆகவே விஎஸ் கோட் போன்ற எடிட்டர்கள் அதைத் தாமே ஒப்பிட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்கின்றன. 2018இல் வந்த ஈமாக்ஸ் 26, கர்சரும் இடக்குறிகளும் நகராமல் உரையை மாற்றும் செயற்பாட்டைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது.

எஞ்சியது காத்திருப்பு. ஃபார்மேட்டர் முடியும்வரை எடிட்டர் உறைந்து நிற்கும். ஈமாக்ஸுக்கான அஃபெலியா என்ற நீட்சி ஃபார்மேட்டரைப் பின்னணியில் ஓடவிடுகிறது. இடையில் பயனர் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டால் வந்த விடையைக் கைவிட்டுவிடுகிறது. மனிதன் எழுதியதற்கே முதலிடம் என்ற இந்த முடிவு சரியானது.

இத்தனைக்குப் பிறகும், விஎஸ் கோடில் சேமிக்கும்போது ஒழுங்குபடுத்தும் வசதி இயல்பில் அணைந்தே இருக்கிறது. வேண்டுவோர் அமைப்புக்குள் போய் அதை இயக்கிக்கொள்ள வேண்டும்.