நாபோத்தின் நிலத்தில் புதிய வீடுகள்



நாபோத்தைக் கொலைசெய்வித்தபின், அவனுடைய திராட்சத்தோட்டத்தைக் கைப்பற்ற ஆகாப் அரசன் புறப்பட்டான். அந்தத் தோட்டத்திலேயே தேவன் எலியாவின் மூலம் அவனிடம் கணக்குக் கேட்டார் (1 இராஜாக்கள் 21). இவ்வேத பகுதியை மனதில் கொண்டு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள ஃபோர்சைத் கவுண்டியின் வரலாற்றை இவ்வாரம் தியானிப்போம்.

1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 1,098 கறுப்பின மக்கள் வாழ்ந்தனர். 1912 செப்டம்பரில் ஒரு வெள்ளையினப் பெண் தாக்கப்பட்டு இறந்தாள். அதையொட்டி எழுந்த கும்பல், ராப் எட்வர்ட்ஸ் என்பவரைக் கமிங் நகரச் சிறையிலிருந்து இழுத்துவந்து கொன்றது. இரு கறுப்பின இளைஞர்கள் அக்டோபரில் தூக்கிலிடப்பட்டனர். வீடுகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டன. சில வாரங்களுக்குள் ஏறக்குறைய எல்லாக் கறுப்பின மக்களும் துரத்தப்பட்டனர். சிலர் நிலத்தை அற்ப விலைக்கு விற்றனர். பலர் அப்படியே விட்டு ஓடினர். ஞாயிறுதோறும் தேவனை ஆராதித்த அயலாரே அந்நிலங்களை உழுதனர்.

எழுபத்தைந்து ஆண்டுகள் அங்கே வெள்ளையர் மட்டுமே வாழ்ந்தனர் எனலாம். 1987 ஜனவரி 17 அன்று ஹோசியா வில்லியம்ஸுடன் சமாதான ஊர்வலம் சென்ற சிறு கூட்டத்தின்மேல் கல்லெறிந்தார்கள். அடுத்த வாரமே ஏறத்தாழ 20,000 பேர் அங்கே அணிவகுத்தனர். ஆயினும், இழந்த நிலத்துக்கு ஈடு கொடுப்பதுபற்றி இரு இனத்தாரும் அமர்ந்த குழுவில் ஒருமனம் உண்டாகவில்லை.

பின்னர் அட்லாண்டா நகரம் விரிந்தது. நெடுஞ்சாலையும் நல்ல பள்ளிகளும் மக்களை ஈர்த்தன. 1990-இல் 44,083 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 2,51,283 ஆயிற்று. அவ்வாண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர் ஆசிய வம்சாவளியினர். அவர்களுள் இந்தியக் குடும்பங்களே மிகுதி, தமிழரும் உண்டு. கறுப்பின மக்களோ நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான்.

பல நிறத்தார் அருகருகே வாழ்வது நன்மையே. ஆனால் புதியவர்களின் வருகை பழைய அநீதிக்குப் பரிகாரம் ஆகாது. உள்ளே வந்தவர்கள் வேறு, துரத்தப்பட்டவர்கள் வேறு. புதிதாய் வந்தோர் அக்குற்றத்தைச் செய்யவில்லை. எனினும் அந்த மண்ணில் வீடு கட்டும்போது அதன் நினைவுக்கும் பொறுப்பாளிகள் ஆகிறார்கள்.

2021-இல் கமிங் நகரில் ராப் எட்வர்ட்ஸின் கொலையை அறிவிக்கும் நினைவுப் பலகை நாட்டப்பட்டது. 2022-இல் அவ்வூர்க் கிறிஸ்தவர்கள், துரத்தப்பட்டோரின் சந்ததியாருக்குக் கல்வி உதவித்தொகை வழங்கத் தொடங்கினர். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்த சகேயுவுக்கு முன் இது சிறியதே. ஆனாலும் மனந்திரும்புதல் கண்ணீரோடு நின்றுவிடாமல் கைக்கு வந்த இடம் இது.

பிரியமானவர்களே, நம் வீடு நிற்கும் மண்ணில் நமக்கு முன் வாழ்ந்தவர் யார்? அவர்கள் ஏன் போனார்கள்? இவ்வாரம் நம் பிள்ளைகளோடு அமர்ந்து இதைக் கேட்டறிவோம். மறைத்ததை அறியவும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கர்த்தர் நமக்குத் தைரியம் அருள்வாராக. ஆமென்.